சோலையம்மாள் வகையறா

1

எங்கள் பூட்டனார் குருசாமி இறந்து நூறு வருடம் ஆகிறது என்று தனசேகரன் அண்ணன் போன் செய்தபோது நான் இங்கிலாந்தில், லெஸ்டரில், பஸ்ஸுக்குள் இருந்தேன். இருபத்தெட்டு வருடமாக அதே பஸ், அதே ஜன்னலோரம், அதே தூறல். இறங்கினால் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம். ஊரார் ரத்தத்தைக் குழாய்களில் போட்டுச் சோதிப்பது என் பிழைப்பு. அண்ணனுக்கோ எங்கள் ரத்தத்தின் பெருமையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டியிருந்தது.

"நூற்றாண்டு மலர் போடுறோம் வாசுகி. நம்ம பிரஸ்லயே, மல்டிகலர்ல, ஆர்ட் பேப்பர்ல. வம்சாவளிய நீதான் எழுதணும். லண்டன்லருந்து எழுதுனா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல?"

நான் இருப்பது லண்டன் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். சரி என்றேன்.

தனசேகரன் அண்ணன் என் பெரியப்பா மகன். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை, சிவகாசியில் அச்சகம், விருதுநகரில் எந்தத் திறப்புவிழாவானாலும் கத்தரிக்கோல் அவர் கையில். அவர் வீட்டு முன்கூடத்தில் பூட்டனாரின் உயில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மிளகாய் வற்றல் மூட்டையைத் தலையில் சுமந்து அப்போது விருதுபட்டியாக இருந்த விருதுநகருக்கு வந்தவர், பஞ்சு வியாபாரத்தில் உயர்ந்து, கிணறு வெட்டி, சத்திரம் கட்டி, கடைசியில் சொத்தை இரண்டு மகன்களுக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டுக் கண்மூடினார் என்பது குடும்பக் கதை. உயிலின் அடியில் இடது பெருவிரல் ரேகை. பொங்கலுக்குப் பொங்கல் அந்தச் சட்டத்துக்கு மாலை போடுவார்கள். நானும் சின்ன வயதில் விழுந்து கும்பிட்டிருக்கிறேன்.

இந்த வம்சாவளிப் பைத்தியம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னுடன் வேலை பார்க்கும் மார்கரெட் மாதா மாதம் சந்தா கட்டி ஒரு இணையதளத்தில் தன் முன்னோர்களைத் தேடினாள். ஆறு மாதத்தில் ஒரு பிரபு கிடைத்துவிட்டார். இங்கே தேடுகிற எல்லாருக்கும் ஒரு பிரபு கிடைக்கிறார். அந்தப் பிரபுவின் சட்டியைக் கழுவியவளுடைய பேத்திகள் எங்கே போனார்களோ, ஒருத்திகூடச் சந்தா கட்டவில்லை போலிருக்கிறது.

2

உயில் மேல் ஒரு வழக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும். பொறாமை பிடித்த பங்காளி ஒருவன் போட்டது, ஜில்லா கோர்ட்டில் தள்ளுபடியானது. 'சத்தியம் வென்றது' என்று மலரில் அதற்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார் அண்ணன். தீர்ப்பின் நகலைப் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று ஆவண அறைக்கு ஆள் அனுப்பினார். முதல் தடவை வழக்கு எண் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை மனுவில் 'உறவு' என்ற இடம் காலியாக இருந்ததாம். நூறு வருடத்துக்கு முன் செத்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதற்குச் சான்று கேட்டார்கள். அண்ணன் அந்தக் கண்ணாடிச் சட்டத்தையே போட்டோ பிடித்து இணைத்தார். மூன்றாம் தடவை தீர்ப்பு மட்டுமல்ல, சாட்சி வாக்குமூலங்கள் உட்பட நூற்றுச் சொச்சம் பக்கம் வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ். அண்ணன் ஒரு வரி படிக்கவில்லை. ஸ்கேன் பண்ணி எனக்குத் தள்ளிவிட்டார். நானும் மூன்று வாரம் திறக்கவில்லை.

திறந்தவள் என் மகள் யாழினி. லீட்ஸில் வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவாள், துணி துவைத்துக்கொண்டு போவாள். தமிழ் அரைகுறையாகப் பேசுவாள். தடுமாறாமல் வருவதெல்லாம் சாப்பாட்டுப் பெயர்களும் அதட்டல்களும். அன்றைக்கு மெஷின் ஓடி முடியும்வரை பொழுது போகாமல் என் கணினியில் அந்தக் கட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரு இந்த சோளே?"

வடக்கத்திக் கொண்டைக்கடலைக் குழம்பைக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஃப்ரிட்ஜில் இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்றேன்.

"நோ. இது ஆளு. இந்த கேஸ் போட்ட லேடி."

"கேஸ் போட்டது லேடி இல்ல. ஒரு பங்காளி."

"அம்மா, நீ படிச்சியா?"

படிக்கவில்லை. அவள் படித்திருந்தாள். வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டிய அந்தப் பெயர் சோலை. நாரணாபுரம் சோலையம்மாள். பருத்தி எடுக்கிற கூலிப் பெண். தன் ஆறு வயது மகன் வேலுவுக்குக் காப்பாளராக நின்று வழக்குப் போட்டிருக்கிறாள். குருசாமி தனக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியவர், வேலு அவர் மகன் என்று ஒரு வாதம். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதரின் உயிலில் ரேகை எதற்கு, நினைவு தப்பிக் கிடந்தவரின் விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு வாதம். எதிர்த்தரப்பு இரண்டுக்கும் பதில் சொன்னது. குருசாமிக்குக் கையெழுத்துப் போடவே வராது. கூலிக்காரிக்கு அவர் தாலி கட்டினார் என்பது அந்தக் குடும்பத்துக்கே அவமானம். முதல் பிரதிவாதியான மூத்த மகன் மாரியப்பன் கூண்டில் ஏறி, 'இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை' என்று சத்தியம் செய்தார். வழக்கு செலவுத்தொகையோடு தள்ளுபடி.

மாரியப்பன் என் தாத்தா.

"சட்டப்படி இது செத்த கேஸ்" என்றாள் யாழினி. "யாரும் எதுவும் கேட்க முடியாது. பட் உன் தாத்தா பொய் சொல்லுறார்னு நினைக்கிறேன்."

"எப்படிச் சொல்ற?"

"எல்லாக் கேள்விக்கும் நீளமா பதில் சொல்றார். இவளைப் பத்திக் கேட்டா மட்டும் ஒரு வார்த்தை."

எனக்குக் கோபம் வந்தது. நம் குடும்பத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். ஒன்றும் தெரியாது, உண்மைதான். தெரிந்த நாங்கள் நூறு வருடமாக அதைத் திறக்கவில்லை.

3

மறுவாரம் அண்ணன் மலரின் பக்கங்களைச் சரிபார்க்க அனுப்பினார். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பழைய கடிதத்தின் படம். கீழே, 'மூத்தவரின் முத்தான கையெழுத்து' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

கையெழுத்தே வராது என்று கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டவரின் முத்தான கையெழுத்து!

பீரோவில் கிடந்ததாம், அழகாக இருந்ததாம், போட்டாராம். புள்ளி வைக்காத, வரிக்கு வரி ஒட்டிய அந்தக்கால எழுத்தை இன்றைக்குப் படிக்க ஆளில்லை. அப்பாவின் கடைக் கடிதங்களை விடுமுறைகளில் பிரதியெடுத்த பழக்கத்தில் நான் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது.

'சிரஞ்சீவி மாரியப்பனுக்கு. நான் தூத்துக்குடியிலிருந்து திரும்ப நாலு நாள் செல்லும். நாரணாபுரத்தில் உன் தம்பி வேலுவுக்கு அம்மை கண்டிருக்கிறதாகத் தகவல். சோலை ஒண்டியாக இருப்பாள். நீ போய்க் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும். சென்ற தடவை போல் வாசலோடு திரும்பிவிடாதே.'

அடியில், சுழித்து இழுத்த கையெழுத்து.

உன் தம்பி வேலு. இந்த மூன்று சொல்லையும் தன் கண்ணால் படித்தவர்தான் கூண்டில் ஏறி அவளைப் பார்த்ததே இல்லை என்றார். அவர் மடியில் உட்கார்ந்துதான் நான் கருப்பட்டி மிட்டாய் தின்றேன்.

4

விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே விருதுநகர் போய்விட்டேன். மறுநாள் சிவகாசி அச்சகத்தில் அண்ணனைப் பார்த்தேன். மேஜை முழுக்க அட்டைப்படங்கள். பூட்டனாருக்குப் போட்டோ கிடையாது. ஓவியரிடம் சொல்லி அண்ணன் முகத்தையே கொஞ்சம் கிழடாக்கி, தலைப்பாகை வைத்து வரைந்திருந்தார்கள்.

"அண்ணே, இந்தக் கடுதாசிய வாசிச்சீகளா?"

"எங்கிட்டு வாசிக்க? கோழி கிண்டுன மாதிரில இருக்கு."

வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிர்ச்சி அடைவார், மறுப்பார் என்றெல்லாம் விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முகத்தில் எரிச்சல்தான் இருந்தது.

"இதுலயா எழுதித் தொலைச்சிருக்காக? நல்லவேள சொன்ன. அந்தப் பக்கத்த எடுத்துருவோம்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எங்கய்யா சாகும்போது சொல்லிட்டுத்தான் போனாக. 'நாரணாபுரத்து வேலு வகையறா வேல கேட்டு வந்தா இல்லேங்காத. உறவு கேட்டு வந்தா தெரியாதுன்னு சொல்லு.' இன்னைய வரைக்கும் ரெண்டையும் மீறல. வேலு பேத்தி முத்துமாரி நம்ம கம்பெனிலதான் பட்டாசுச் சரம் பின்னுறா. போனசு, தீவாளிக்குச் சேல, எதுலயும் கொறை வச்சதில்ல. போய்க் கேட்டுப் பாரு."

இதை அவர் தன் நற்பண்பாகச் சொன்னார். ஒரு வகையறாவைத் தலைமுறை தலைமுறையாகத் தன் வாசலிலேயே கூலிக்கு வைத்திருப்பதைவிட நல்ல காவல் வேறு இல்லை என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குடும்பம் என்று எழுதுகிறேன் பாருங்கள். எங்கள் குடும்பம். என் கல்லூரிப் படிப்பும் முதல் விமான டிக்கெட்டும் அந்தக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து இறங்கியவைதான்.

"நான் உள்ளதத்தான் எழுதுவேன் அண்ணே."

"எழுதிக் குடு தாயி. யாரு வேண்டாம்னா?" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ளும் வேகம் எனக்கு அப்போது இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரம் போனேன். முத்துமாரிக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு அறை ஓட்டு வீடு. வாசலில் கழுவிக் கவிழ்த்த குடங்கள். நான் யார் என்று சொன்னதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மொதலாளி வீட்டம்மாவா? உள்ள வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்காரப்போனேன்.

"அங்கன ஈரம். சேர்லயே உக்காருங்க" என்றாள். அதில் ஓர் அதட்டல் இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு பெரிய ரகசியத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் தோரணையோடுதான் பேச ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் அவள் கையமர்த்தினாள்.

"இது எங்களுக்குத் தெரியாததாம்மா? எங்க தாத்தா வேலு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து சொன்ன கததான? ஒங்க வீட்டுல யாரும் செத்தா நாங்க வெளிய தெரியாம தலைக்குத் தண்ணி ஊத்திக்கிருவோம். ஒங்கய்யாவுக்கும் ஊத்துனோம்."

என் அப்பா இறந்தபோது விசா அலுவலகத்தில் கடவுச்சீட்டு மாட்டிக்கொண்டு நான் வரவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் வந்தேன். அவருக்காக நாரணாபுரத்தில் ஒரு வீடு தலை முழுகியிருக்கிறது.

"கோர்ட்டுல சோலையம்மா என்ன சொன்னாகன்னு அதுல இருக்கா?" என்று கேட்டாள். "அது மட்டும் எங்களுக்குத் தெரியாது. வாசிங்க."

வாசித்தேன். சோலை தமிழில் சொன்னதை எவனோ இங்கிலீஷில் எழுதியிருக்கிறான். நான் அதை மறுபடி தமிழாக்கினேன். "'அவர் என்னை மனைவியாகப் பராமரித்து வந்தார்.'"

முத்துமாரி சிரித்துவிட்டாள். "பராமரிக்கவா? அப்படியா சொல்லிருப்பாக? 'எனக்குச் சோறு போட்டாக, நான் அவுகளுக்குச் சோறு போட்டேன்'ன்னு சொல்லிருப்பாக."

"'முதல் பிரதிவாதி பல சந்தர்ப்பங்களில் என் இல்லத்தில் உணவருந்தியுள்ளார்.'"

"'எங்கையால தின்னுட்டு இப்ப என்னையத் தெரியலங்கிறியாலே?' அவுகளுக்கு மகன் மொறதான? இப்படித்தான் கேட்டிருக்கணும்."

வரிக்கு வரி அவள் திருத்தினாள். நான் வாசித்தது ஒரு மனு. அவள் திருப்பிச் சொன்னது ஒரு பெண்ணின் குரல். கடைசியில் ஒரு வரி வந்தது. "'சாட்சி இவ்விடத்தில் முதல் பிரதிவாதியை நோக்கித் தகாத முறையில் நடந்துகொண்டார். கோர்ட்டார் எச்சரித்தனர்.'"

"துப்பிருக்காக" என்றாள் முத்துமாரி சட்டென்று. கண்ணில் நீர் கோத்திருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "கண்டிப்பாத் துப்பிருக்காக."

மலரில் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்க, எழுதாட்டிப் போங்க. எம்பேரு மட்டும் எங்கயும் வரவேண்டாம். சீசன் ஆரம்பிச்சிருச்சு. தை பொறந்தா மகளுக்குக் கல்யாணம். எனக்கு வேல வேணும்க்கா."

அம்மா எப்போது அக்காவானேன் என்று நான் கவனிக்கவில்லை. வாக்குக் கொடுத்தேன்.

6

விழா கல்யாண மண்டபத்தில். பன்னீர், சந்தனம், வாசலில் பத்தாயிரம் வாலா. பூட்டனாராக வேடமிட்ட அண்ணனின் முகம் ஆளுயரத்துக்கு நின்றது. மேடையில் என்னை உட்காரவைத்து மடியில் மலரைக் கொடுத்தார்கள். பிரித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் சத்திரத்தின் படம். 'எங்கள் குலக்கொழுந்து: ஓர் ஆய்வு. எழுதியவர்: லண்டன் கு. வாசுகி.' நான் எழுதிய நாலு பக்கத்தில் ஒரு வாக்கியமும் இல்லை. நான் எழுதாத ஒரு வம்சம், நான் எழுதாத ஒரு கொடைவள்ளல், கீழே என் போட்டோ.

பொன்னாடை போர்த்தினார் அண்ணன். நன்றிக்கு இரண்டு வார்த்தை என்று மைக்கைத் தந்தார்கள். கைப்பையில் கடிதத்தின் நகல் இருந்தது. "மூத்தவர் எழுதிய கடிதம் ஒன்றை வாசிக்கிறேன்" என்றேன். கூட்டம் கை தட்டியது. வாசித்தேன். 'உன் தம்பி வேலு' வரைக்கும் மண்டபம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. 'சோலை ஒண்டியாக இருப்பாள்' என்றபோது அத்தைமார்களின் விசிறிகள் நின்றன. 'வாசலோடு திரும்பிவிடாதே' என்பதற்குள் மைக் செத்தது. அண்ணன் கைகாட்ட நாதஸ்வரம் எழும்பியது. என் வீரம் மொத்தம் ஒன்றரை நிமிடம்.

பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெருமையாகத்தான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பெருமையோடுதான் விமானம் ஏறினேன். லெஸ்டரில் இறங்குவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். சிரித்தேன்.

முத்துமாரியின் பெயரை நான் சொல்லவில்லை. வேலுவின் பெயரைத்தான் சொன்னேன். அந்த நுணுக்கம் லெஸ்டரில் எடுபடும். நாரணாபுரத்தில் வேலு யார், வேலுவின் பேத்தி யார் என்று தெரியாதவர் யார்? அது எனக்கும் தெரியும். மைக்கைப் பிடித்தபோதும் தெரிந்தே இருந்தது. மார்கரெட்டையும் அண்ணனையும் இத்தனை பக்கம் ஏளனம் செய்துவிட்டு, அந்த ஒன்றரை நிமிடத்துக்கு ஆசைப்பட்ட என்னை என்ன சொல்ல?

7

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, முத்துமாரியிடமிருந்து ஒரு படம் வந்தது. முத்திரைத்தாள். பெரிதாக்கிப் படித்தேன்.

'நாரணாபுரம் சோலையம்மாள் மகன் வேலு, மேற்படி வேலு மகன் குருசாமி, மேற்படி குருசாமி மகள் முத்துமாரி ஆகிய நான், விருதுநகர் காலஞ்சென்ற குருசாமி அவர்களின் வாரிசோ உறவோ அல்ல என்று முழு மனதுடன் எழுதிக் கொடுப்பது.'

வேலு தன் மகனுக்குத் தன் தகப்பன் பெயரை வைத்திருக்கிறார். என் தாத்தாவும் அதையேதான் செய்தார். என் அப்பா பெயரும் குருசாமி. நான் கு. வாசுகி, அவள் கு. முத்துமாரி. குருசாமி மகள் குருசாமிக்கு ஒன்றும் ஆகமாட்டாள் என்று ஒரு வக்கீல் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

பஸ்ஸை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். விழா முடிந்த மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்களாம். இருபது நாள் வீட்டில் இருந்திருக்கிறாள். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் இரண்டில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். யார் வீட்டு விவகாரம் என்று தெரிந்து அவர்களும் சேர்க்கவில்லை. பிறகு ஆள் வந்திருக்கிறது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை.

"என்னால வந்தது முத்துமாரி" என்றேன்.

"ஆமா, ஒங்களாலதான்" என்றாள். மறுக்கவில்லை. "சொன்ன சொல்லு நிக்கல ஒங்களுக்கு. நீங்க வாசிச்சிட்டு பிளேன் ஏறிட்டீக."

கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன். "போடாம இருந்திருக்கலாமே?"

"இருந்து? கல்யாணத்துக்கு நீங்க வந்து பந்தி பரிமாறுவீகளா?" பிறகு குரல் மாறியது. "அந்த வக்கீல் படுத்துனபாட்டப் பாக்கணும்க்கா. வெறுமனே 'முத்துமாரி'ன்னு எழுதுனா செல்லாதாம். யாரு மக, யாரு பேத்தி, மூலம் யாருன்னு எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதுனாரு. அல்லன்னு எழுதணும்னாலும் எங்க பேரையெல்லாம் எழுதித்தான ஆகணும்? கீழ பாத்தீகளா?"

பார்த்தேன். அவள் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, தனசேகரன், காலஞ்சென்ற குருசாமி அவர்களின் மூத்த குமாரர் மாரியப்பன் பேரன். இரண்டு கிளையும் ஆணிவேர் வரை வரிசை பிசகாமல் எழுதப்பட்ட ஒரு தாள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறதென்றால் அது இதுதான்.

"மூணு செராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணு மகளுக்குச் சீரோட குடுத்து விடணும்" என்றாள். "சரிக்கா, சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சு, கம்பெனி கேட்டுக்கு வந்துட்டேன். போன இங்கன குடுத்துட்டுத்தான் உள்ள விடுவாக. வச்சிறவா?"